மைக்ரோவேவ் ஒத்தடப் பைக்கு எதை நிரப்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு வலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் மணலையோ கல்லுப்பையோ வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது கொங்கு நாட்டு வீடுகளில் பழைய வழக்கம். இப்போது பருத்திப் பையில் தானியத்தை நிரப்பி மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்துக்கொள்கிறார்கள். பையைத் தைப்பது எளிது. உள்ளே போடும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள், கேட்கும் பேச்சிலேயே கீழே உள்ளன.

மணலும் கல்லுப்பும் வாணலியில நல்லாச் சூடேறுது. அதையே பையில போட்டு மைக்ரோவேவுல வெக்கலாமுங்களா?

வேண்டாம். மைக்ரோவேவ் அலை பெரும்பாலும் பொருளுக்குள் இருக்கும் நீரைத்தான் சூடாக்குகிறது. காய்ந்த மணலிலும் உப்பிலும் நீர் இல்லை என்பதால் அலை அவற்றை ஊடுருவிப் போய்விடும். உள்ளே ஒன்றும் வைக்காமல் அடுப்பை ஓட்டுவதற்குச் சமம் அது, அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் கெட்டுப்போகும். ஆற்று மணலில் கருமணல் கலந்திருந்தால் வேறொரு தொல்லை: அதிலுள்ள இரும்புத் தாது அலையை வேகமாக வாங்கி, அங்கங்கே மட்டும் கொதிக்கும் சூடாகித் துணியைப் பொசுக்கும். கல்லுப்பு மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரம் இழுத்துக் கட்டிதட்டும். மணலும் உப்பும் வாணலிக்கு உரியவை, அங்கேயே இருக்கட்டும்.

அப்படீன்னா காஞ்ச தானியம் மட்டும் எப்படிச் சூடாகுதுங்க?

கையில் எடுத்தால் சலசலக்கும் அளவுக்குக் காய்ந்த தானியத்திலும் நூறு கிராமுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று கிராம் வரை நீர் இருக்கும். அந்த நீர்தான் முதலில் சூடாகிறது. பிறகு மணி முழுவதும் சூடு பரவுகிறது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் கொஞ்சம் நீர் ஆவியாக வெளியேறும். புதிய பையை எடுத்ததும் துணி லேசாக நமத்திருப்பதற்குக் காரணம் இந்த ஆவிதான். பிறகு காற்றிலிருந்து தானியம் மெல்ல ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்தடுத்துச் சூடாக்கினால் தானியம் வறண்டு, சூடு ஒரே இடத்தில் குவிந்து கருகும்.

எந்தத் தானியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கைக் கவனிக்க வேண்டும்: உள்ளிருக்கும் ஈரம், எண்ணெய், மணியின் அளவு, தோலின் உறுதி. ஈரம் சூட்டைத் தருகிறது. எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் தருகிறது. சிறிய வழவழப்பான மணி உடம்போடு படியும். உறுதியான தோல் மாவு உதிராமல் காக்கும்.

எங்கூட்டுல அரிசி, கொள்ளு, கோதுமை எல்லாமே இருக்குது. எதைப் போடறதுங்க?

முதுகுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் கொள்ளு. தயக்கமில்லாமல் சொல்லலாம்.

கொள்ளில் எண்ணெய் மிகக் குறைவு, நூறு கிராமில் ஒரு கிராம்கூடத் தேறாது. அதனால் மாதக்கணக்கில் சூடாக்கினாலும் சிக்கு வாடை வராது. தோல் கெட்டியானது, உள்ளே உராய்ந்தாலும் மாவு உதிர்வதில்லை. மணி தட்டையாக இருப்பதால் பை உருண்டு ஓடாமல் இடுப்பு வளைவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் படிக்கு ஏறக்குறைய 800 கிராம் நிற்கும். அந்தக் கனமே வலிக்கிற இடத்தை மெல்ல அழுத்திக்கொடுக்கும்.

குறைகள் இரண்டு. சூடானதும் கொள்ளு வேகிற வாசம் வரும். கொள்ளுப் பருப்பு கடைந்து சாப்பிடுகிற வீட்டுக்கு அது பழகிய வாசம்தான். ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் முகத்தருகே வைக்கச் சிலருக்குப் பிடிக்காது. இன்னொன்று, பயறு வண்டு கொள்ளைத் தேடி வரும். அதைத் தடுக்கும் முறை கீழே இருக்கிறது.

மானாவாரிக் காட்டில் விளைந்த கொள்ளு அறுவடை முடிந்து புதிதாக வரும்போது ஈரம் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே பையில் கட்டினால் ஆவி நிறைய வந்து துணி நனையும், பூஞ்சை பிடிக்கும். வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற பதம் வந்தபின் நிரப்புங்கள். வறுத்த கொள்ளு கூடாது. வறுக்கும்போதே நீர் போய்விட்டதால் அது மைக்ரோவேவில் சரியாகச் சூடேறாது. ஏறினால் நேரே கருகும்.

அரிசின்னா பச்சரிசியா, புழுங்கலரிசியாங்க?

இரண்டும் வேலை செய்யும். புழுங்கல் நல்லது. அவித்துக் காயவைத்த அரிசி இறுகிக் கண்ணாடிபோல் இருப்பதால் எளிதில் நொறுங்காது. பச்சரிசி உராய்ந்து உராய்ந்து மாவு விடும். அந்த மாவு துணியின் மடிப்பில் சேர்ந்து முதலில் கருகும். காங்கேயம் பக்கத்து மில்களில் வாங்கினாலும் சரி, ரேசன் அரிசியாக இருந்தாலும் சரி, முறத்தில் நன்றாகப் புடைத்து நொய்யையும் தவிட்டையும் நீக்கிவிட வேண்டும். நொய் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் நிரப்புவது தவறு. பொடி மணி வேகமாகக் காய்ந்து கருகும், சூடும் நிற்காது.

அவல், பொரி, வெந்நீர் ஊற்றினாலே சாதமாகிற உடனடி அரிசி எதுவும் ஆகாது.

முதன்முதலாக ஒரு பை தைத்துப் பார்க்கிறவர்களுக்கு அரிசியைச் சொல்வோம். தவறிப்போனாலும் நட்டம் குறைவு.

கோதுமைப் பைதான் கடையில விக்குது. அதுல என்ன விசேசம்?

கோதுமை மணி உருண்டு திரண்டது, தோல் உறுதி, சூட்டை இருபது முப்பது நிமிடம் வைத்திருக்கும். குளிர் அதிகமான நாடுகளில் கோதுமை மலிவு என்பதால் அங்கே அது வழக்கமாகி, அந்தப் பழக்கம் இங்கே கடைக்கு வந்தது. கொள்ளைவிட அது மேல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் தீப்பிடிப்பது கோதுமைப் பையிலும் நடக்கும். பிரிட்டனில் தீயணைப்புத் துறையினர் இதைப் பற்றி எச்சரிப்பது வழக்கம். மைக்ரோவேவில் சூடாக்கி உடம்பில் வைக்கும் பைகளுக்கென்றே பி.எஸ். 8433 என்ற தரநிலையும் 2004இல் அங்கே வந்தது. வாங்குவதானால் முழுக் கோதுமை மட்டும்; ரவையும் உடைத்த கோதுமையும் வேண்டாம்.

ஆளி விதை விலை சாஸ்தியா இருக்குதே, அந்தளவுக்கு இருக்குதுங்களா?

கண்ணுக்கு வைக்கும் பைக்கும் முகத்துக்கும் சைனஸ் வலிக்கும் ஆளி விதைக்கு ஈடு வேறொன்றும் இல்லை. சின்னஞ்சிறு தட்டை விதை, வழுவழுப்பு. துணிக்குள் வழுக்கிக்கொண்டு மூக்குத்தண்டின் இருபுறமும் படிந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தாலும் இறுகாது என்பதால் குளிர் ஒத்தடத்துக்கும் அதே பை உதவும்.

ஆனால் விதையில் ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய். சூடும் காற்றும் பட்டுப்பட்டு எண்ணெய் சிக்குப் பிடிக்கும். பழைய வார்னிஷ் போன்ற வாடை வந்தால் விதையை மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் இருப்பதால் கருகத் தொடங்கினால் வேகமாகவும் பற்றும். ஆகவே சிறிய பைக்கு மட்டும் போடுங்கள்: 200 கிராம், 30 நொடி. ஒரு கிலோ இடுப்புப் பையை ஆளி விதையால் நிரப்புவது காசுக்கும் கேடு.

நாட்டு மருந்துக் கடைகளிலும், கோவை ரங்கே கவுடர் வீதி மொத்த மளிகைக் கடைகளிலும் முழு விதையாகக் கேட்டு வாங்கலாம். பொடித்ததோ வறுத்ததோ வேண்டாம்.

சோளம், கம்பு, ராகி, மக்காச்சோளம்?

வெள்ளைச் சோளம் நல்ல நிரப்பு. உருண்டை மணி, எண்ணெய் குறைவு, வாசமும் மென்மை. கொள்ளு வாசம் பிடிக்காதவர்களுக்குச் சோளத்தைச் சொல்லலாம். சோளத்திலும் பொரியும் வகை உண்டு. வாங்கியதில் ஒரு கைப்பிடியைத் தட்டில் வைத்து ஒரு நிமிடம் சூடாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பில் எண்ணெய் கொஞ்சம் கூடுதல், தோல் பொடியும். இரண்டு மாதத்தில் கசப்பு வாடை வரும். ராகி மிகப் பொடி, தையல் இடுக்கில் வழியும்.

மக்காச்சோளம் பெரிய மணி என்பதால் சூட்டை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். ஆனால் படியாது, உறுத்தும். பாப்கார்ன் வகை கூடவே கூடாது, பையே வெடிக்கும். நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்கு வரும் மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். உடைசலும் தூசும் அதிகம். பூஞ்சை பிடித்த மணிகளும் கலந்திருக்கலாம். மூக்கருகே வைத்து மூச்சிழுக்கும் பைக்கு அது ஆகாது.

எதையெல்லாம் தொடவே கூடாதுங்க?

ஆமணக்கு முத்து. விதைக்குள் ரிசின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. தையல் பிரிந்து ஒன்று கீழே விழுந்து குழந்தை கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு இலையால் ஒத்தடம் கொடுப்பது வேறு, விதையைப் பையில் போடுவது வேறு.

எள், நிலக்கடலை, வேப்பங்கொட்டை, தேங்காய்த் துண்டு எல்லாம் எண்ணெய்ப் பண்டங்கள். துணியில் எண்ணெய் ஊறும், சூடு கட்டுக்கு அடங்காது. பருத்திக்கொட்டையில் எண்ணெயோடு பஞ்சு இழையும் ஒட்டியிருக்கிறது. தீ மூட்டுவதற்கு வேறு எதுவும் தேவையில்லை.

விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய விதைநேர்த்தி செய்த சோளம், மக்காச்சோளம், பயறு வகைகளைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். இளஞ்சிவப்பு அல்லது நீலச் சாயம் ஒட்டியிருந்தால் மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். கழுவினாலும் போகாது, சூடாக்கினால் ஆவியோடு மூக்குக்கு வரும்.

நிரப்பறதுக்கு முன்னாடி தானியத்தைக் கழுவோணுங்களா?

கழுவக் கூடாது. ஈரம் உள்ளே இறங்கிப் பூஞ்சைக்கு வழி செய்யும். புடைத்து, சல்லடையில் சலித்து, தட்டில் பரப்பிக் கல், மண்ணாங்கட்டி, உடைந்த மணி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிறகு ஒரு காந்தத்தைத் தானியத்தின் மேல் நாலாபுறமும் ஓட்டுங்கள். களத்திலிருந்தும் மில்லிலிருந்தும் சின்ன இரும்புத் தூள், கம்பித் துணுக்கு வருவதுண்டு. ஒரு துணுக்கு போதும், மைக்ரோவேவுக்குள் பொறி பறக்கும்.

வண்டு முட்டை இருக்கலாம் என்பதால், தானியத்தை மூடிய கவரில் போட்டு ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த மணிமேல் நீர் கோக்கும்.

பை எந்தளவு, தானியம் எவ்வளவு?

கழுத்துப் பை 50 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், கொள்ளு 900 கிராம். இடுப்புப் பை 35க்கு 22 செ.மீ., 1,200 கிராம். கண் பை 22க்கு 10 செ.மீ., ஆளி விதை 200 கிராம். உள்ளங்கைக்கு 10 செ.மீ. சதுரம், 100 கிராம்.

பையின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிதுங்க நிரப்பினால் உடம்போடு வளையாது, நடுவில் இருக்கும் மணிக்கும் ஓரத்து மணிக்கும் சூடு ஒன்றுபோல் சேராது. கழுத்துப் பையைக் குறுக்கே தைத்து ஐந்து அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 180 கிராம் போட்டால் தூக்கும்போது தானியம் ஒரே முனைக்கு ஓடாது. ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்து, முதல் அறையை நிரப்பித் தைத்து, அடுத்த அறையை நிரப்பித் தைத்து என்று வரிசையாகப் போக வேண்டும்.

20 லிட்டர் மைக்ரோவேவில் கழுத்துப் பையை இரண்டாக மடித்துத்தான் வைக்க முடியும். தட்டு தடையின்றிச் சுற்றுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பை சுவரில் இடித்து நின்றால் ஒரே இடத்தில் அலை பட்டுக் கருகிவிடும்.

திருப்பூர் பனியன் துணி வெட்டுத் துண்டு நெறயக் கிடக்குது. அதுல தெக்கலாமுங்களா?

உள்பைக்கு வேண்டாம். பின்னல் துணி இழுபட்டுக் கண் திறக்கும், ஆளி விதை வெளியே வரும். அதோடு இப்போது பல பனியன் துணிகளில் பாலியஸ்டரோ லைக்ராவோ கலந்திருக்கிறது, சூட்டில் உருகும். தூய பருத்தி என்று உறுதியாகத் தெரிந்தால் மேலுறைக்குப் பயன்படுத்தலாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும்.

உள்பைக்குச் சோமனூர், பல்லடம் தறிகளில் ஓடும் காடா துணி அருமையானது, அதுவும் முழுப் பருத்திதானா என்று கேட்டுக்கொண்டால். நெருக்கமான நெசவு, சாயம் இல்லை. ஆனால் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, சுருங்கியபின்தான் வெட்ட வேண்டும். கஞ்சி போகாத துணி சூட்டில் பழுப்பேறும், பூச்சியையும் இழுக்கும். சென்னிமலைப் போர்வை, கரூர் விரிப்புகளின் மிச்சத் துண்டு மேலுறைக்கு நன்றாக இருக்கும். பழைய வேட்டியானால் இரட்டையாக மடித்து, சரிகைக் கரையை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு எடுங்கள்.

தையல் நூலை மறந்துவிடுகிறார்கள். டெய்லர் கடையில் சாதாரணமாக இருக்கும் நூல்கண்டு பெரும்பாலும் பாலியஸ்டர். கேட்டுப் பருத்தி நூல் வாங்குங்கள். ஜிப், கொக்கி, பிரஸ் பட்டன் எதுவும் இருக்கக் கூடாது. மேலுறையைத் தலையணை உறைபோல் மடித்துச் செருகினால் போதும்.

எத்தனை நிமிசம் வெக்கோணுங்க?

ஒரு கிலோ தானியத்தை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 50 கிலோஜூல் தேவை. 700 வாட் அடுப்பில் காய்ந்த தானியத்துக்குப் போய்ச் சேருவது 400 வாட் அளவுதான் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடம் ஆகும். இது கணக்கு, உங்கள் அடுப்பு வேறுபடும். முதல் முறை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள், உதறிக் குலுக்கி மறுபக்கம் திருப்புங்கள், பிறகு முப்பது நொடி, மறுபடி குலுக்கி இன்னொரு முப்பது நொடி. சரியான நேரம் கிடைத்ததும் அதை மேலுறையில் நூலால் தைத்துவிடுங்கள். வீட்டில் வேறு யார் எடுத்தாலும் குழப்பம் வராது.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் மடிப்பின் நடுவில் செருகிப் பார்க்கலாம். 55 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். 60 டிகிரிச் சூடு தோலில் சில நொடி பட்டாலே புண்ணாகும். 44 டிகிரிகூட ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் இருந்தால் வெந்துபோகும். அதனால்தான் பையை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறோம்.

அடுப்புத் தட்டைத் துடைத்துவிட்டு வையுங்கள். தட்டில் சிந்திய எண்ணெய் துணியில் ஒட்டினால் அந்த இடம் முதலில் கருகும்.

ரெண்டு மாசத்துலயே கருகல் வாசம் வருது. ஏனுங்க?

பெரும்பாலும் ஆறுவதற்குள் மறுபடி வைத்திருப்பீர்கள். வெளியே ஆறியது போலத் தோன்றினாலும் நடுவில் சூடு இருக்கும். அதன் மேல் இன்னும் இரண்டு நிமிடம் ஏற்றினால் நடுமணி கரியாகும். இரண்டு முறைக்கு நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். சூடான பையை மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவில் செருகுவதும் ஆபத்து. வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, புகையத் தொடங்கும். ஒத்தடம் முடிந்தபின் மேசை மேல் ஆறவிடுங்கள்.

கரூர், காங்கேயம் பக்கத்துக் கோடையில் காற்றே வறண்டிருக்கும். தானியம் ஈரத்தைத் திரும்ப வாங்கக் காற்றில் ஒன்றும் இருக்காது. அப்போது பையோடு ஒரு சிறு பீங்கான் கோப்பையில் தண்ணீர் வைத்துச் சூடாக்குங்கள். கோப்பை நீர் அதிகப்படி அலையை வாங்கிக்கொள்ளும், எழும் ஆவி கொஞ்சம் தானியத்துக்கும் போகும். தண்ணீரை நேரே தானியத்தில் தெளிக்காதீர்கள்.

கருகல் வாசம் ஒரு முறை வந்தால் அந்தத் தானியம் முடிந்தது. பிரித்துக் கொட்டிப் புதிதாக நிரப்புங்கள். கருகியதைக் குப்பைக் குழியில் போடலாம், மாட்டுக்கோ கோழிக்கோ வேண்டாம்.

நொச்சி இலை, தைலம் சேர்க்கலாமுங்களா?

நிழலில் உலர்த்திய நொச்சி இலையைக் கையால் நொறுக்கி, கிலோவுக்குப் பத்து கிராம் சேர்க்கலாம். காம்பை நீக்குங்கள், குத்தும். காய்ந்த இலையில் ஈரம் இல்லாததால் அதிகம் போட்டால் அதுதான் முதலில் பொசுங்கும். நீலகிரித் தைலம், லாவெண்டர் எண்ணெய் எதையும் பைக்குள் ஊற்றாதீர்கள். எரியும் பொருள், அடைபட்ட அடுப்புக்குள் ஆவியாகிறது. தைலம் வேண்டுமானால் சூடாக்கி முடித்தபின் தனிக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு அருகில் வையுங்கள். மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம், கறை உடம்பிலும் துணியிலும் ஏறும்.

எப்படிப் பத்திரப்படுத்தறது?

முழுக்க ஆறியபின் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளே சொட்டும். டப்பாவுக்குள் ஒரு வசம்புத் துண்டைத் துணியில் சுற்றி வைத்தால் வண்டு அண்டாது. பைக்குள் அதைப் போட வேண்டாம். வால்பாறை போன்ற மழை ஊர்களிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும் ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பூஞ்சைக்குத்தான் பயப்பட வேண்டும். வாரம் ஒரு முறை வெயில் அடிக்கும்போது ஒரு மணி நேரம் காயவையுங்கள். மக்கிய வாடை வந்தால் தானியத்தை மாற்றுங்கள், வெயிலில் போட்டுச் சமாளிக்க முடியாது.

மேலுறையை மட்டும் துவைக்கலாம். தானியம் இருக்கும் உள்பை நனையக் கூடாது.

யாருக்கு வெக்கக் கூடாதுங்க?

கைக்குழந்தைக்கு, தானாக நகர்த்திக்கொள்ள முடியாத முதியவருக்கு, மரத்துப்போன தோலுக்கு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவதே தெரியாது. புண் வந்தபின்தான் தெரியும், அந்தப் புண் ஆறுவதும் கடினம். அடிபட்டு வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் சூடு ஆகாது. கர்ப்பிணிகள் வயிற்றில் வைக்கக் கூடாது. மற்றவர்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, ஒரு துணி இடையில் போட்டு, பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

கரண்ட் இல்லாதப்ப என்ன பண்றதுங்க?

வீட்டு இன்வெர்ட்டர் மைக்ரோவேவைத் தாங்காது. 700 வாட் அடுப்பு மின்கம்பியிலிருந்து ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். பையை நேரே தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்க முயலாதீர்கள், துணி பொசுங்கும். மணலையோ கல்லுப்பையோ வாணலியில் வறுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரட்டைத் துணியில் முடிந்துகொள்ளுங்கள்.